டெசிபல் வீட்டின் நடுநிலைத் தீர்ப்பு

மனித குலத்தின் காதுகளுக்காகத் தம்மையே அர்ப்பணித்த மகான்கள் உலகில் மிகச் சிலரே. அவர்களில் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்காரத் தக்கவர் நம் டெசிபல். காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு வேறொரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலோடு அதன் வேலை முடிந்தது.

அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றன. அவற்றுக்கு வழிவிட்டு சோபா சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் கனத்த சத்தத்துக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், கீச்சுச் சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர். இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்பதில் டெசிபலுக்கும் பல் டாக்டரான அவர் மைத்துனருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. சத்தத்தைக் கனம், கீச்சு என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் இரு குடும்பங்களும் பேச்சுவார்த்தை முறியும் நிலைக்கு வந்திருந்தன.

"பாசிவ் கிராஸ்ஓவர்னா கூட்டுக் குடும்பம், அத்தான். முழுச் சத்தமும் ரெண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் போகட்டும். பெட்டிக்குள்ள வந்தப்புறம் அவங்கவங்க பங்கைப் பிரிச்சுக்கட்டும்" என்றார் டாக்டர்.

"அங்கதான் மாப்ளே சண்டையே வருது. ஆக்டிவ்னா தனிக்குடித்தனம். ஆம்ப்ளிஃபயர் வாசலுக்கு முன்னாடியே பாகம் பிரிச்சாச்சு. யார் அடுப்புலயும் யாரும் கை வைக்க முடியாது."

இந்த உயரிய விவாதத்தை மூலை நாற்காலியிலிருந்து டெசிபலின் அப்பா புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காதுக் கருவி கரகரக்கிறது என்று மகனிடம் கொடுத்திருந்தார். அன்றுமுதல் அது 'பரிசீலனையில்' இருந்தது. வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பேத்தி ஞாயிறுதோறும் தாத்தாவைக் கூப்பிடுவாள். அவள் குரலைக் கேட்பதைத் தவிர பெரியவருக்கு வேறு ஆசை கிடையாது. "என் மிஷின் என்னாச்சுப்பா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் டெசிபல் கையை உயர்த்தி ஆசி வழங்குவார்.

அந்த ஞாயிறு மாலை இறுதி ஒலிச் சோதனை. ஒரே பாட்டு, முதலில் பாசிவில், பிறகு ஆக்டிவில். டாக்டர் வாக்கு பாசிவுக்கு, டெசிபல் வாக்கு ஆக்டிவுக்கு. டெசிபலின் மனைவி, "ரெண்டு தடவையும் எனக்குக் குக்கர் விசில் கேக்கல" என்றாள். அது செல்லாத வாக்காக அறிவிக்கப்பட்டது. ஆகவே எந்தக் கட்சியையும் சேராத பெரியவரை நடுவராக நியமித்து, நாற்காலியோடு தூக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார்கள்.

மறுபடியும் பாட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எது நல்லது என்று டெசிபல் ஜாடையில் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் பெரியவர்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன முதிர்ச்சி பாருங்க, அத்தான். எந்தப் பக்கமும் சாயல."

அப்போது போன் அடித்தது. மருமகள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, மாமனார் கையில் கொடுத்தாள்.

"தாத்தா, எனக்கு வேலை கெடச்சிருச்சு. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

பெரியவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "ஆமா கண்ணு, இங்கயும் மழைதான்" என்றார்.



"மாமாவோட மிஷினை எந்தக் கடையில குடுத்தீங்க?" என்று மனைவி கேட்டாள். டெசிபலின் கண் தன்னிச்சையாக ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போனது. அவள் அங்கே கைவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். மனித குலத்தின் காதுகளில் ஒரு ஜோடி, துண்டு துண்டாக, திருகாணிகளோடு உள்ளே கிடந்தது.

"அதுக்குள்ள சத்தத்தை எப்படிப் பிரிக்கிறான், ஆக்டிவா பாசிவான்னு ஒரு சின்ன ஆராய்ச்சி..." என்று இழுத்தார் டெசிபல்.

மனைவி வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார். "எது, அத்தான்?"

"ஆக்டிவ்தான், மாப்ளே." டெசிபலின் முகம் மலர்ந்தது.

மகன் சிரிப்பதைப் பார்த்ததும், பேத்தி ஏதோ நல்ல சேதி சொல்லியிருக்கிறாள் என்று பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"என்னப்பா சொன்னா கொழந்தை?" என்று கேட்டார்.