மடிப்புக் கலையாத கார்

பத்தாவது காரின் உறையை எடுக்கச் சொன்னபோது பஞ்சாட்சரத்தின் முகம் லேசாகக் கோணியது. அதைப் பார்த்த காசிநாதனுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கோணலைத் தன் முகத்தில் வரவிடாமல் அடக்கி வைத்திருந்தவர் அவர். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் மூத்த விற்பனையாளர். வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூறு புடவையைப் பிரித்துப் போட்டு, "இதே கலர், இதே பார்டர், ஆனா வேற மாதிரி ஒன்னு காட்டுங்க" என்று கேட்பவர்களுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொல்லி, கடைசியில் "நாளைக்கு வூட்டுக்காரரக் கூட்டிக்கினு வரோம்" என்று அவர்கள் எழுந்து போக, நூறையும் மறுபடி மடித்து வைத்தவர். இன்று அவர் வாங்குகிறவர். வெள்ளைகேட் தாண்டி இருந்த பஞ்சாட்சரத்தின் பழைய கார் ஷெட்டில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வேற காட்டுங்க" என்று சொல்லும் சுகத்தை ஒவ்வொரு காராக அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியது சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். கடையில் சேர்ந்த புதிதில் ஒரு வெளியூர்க்காரர் அப்படி ஒரு காரில் புடவை எடுக்க வந்தார். மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இவர்தான் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு மூடிய சத்தம் இன்றுவரை காதைவிட்டுப் போகவில்லை. இப்போது திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த பூர்வீக மனை விற்றுக் கைக்குக் கொஞ்சம் பணம் வந்திருந்தது. மகள் சந்தியா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு பேர், காரில் இரண்டு சீட்டு. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

மனைவி தையல்நாயகி மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் மாதக் கணக்கில்தான் பார்ப்பாள்.

"வாங்கறதுக்கு நான் குறுக்க நிக்கலங்க. வெச்சுக் காப்பாத்தறதுதான் கஷ்டம். ஒரு வருஷத்துக்குள்ள வண்டி ரிப்பேருக்குன்னு மூணு தடவ அந்தோணி ஷெட்டுக்குப் போச்சுன்னா வித்துடணும். அப்புறம் காருன்ற பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

சரி என்று கையடித்துக் கொடுத்தார் காசிநாதன். டயர் என்ன விலை, பிரேக் என்ன விலை, கிளட்ச் போனால் எங்கே கிடைக்கும் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியலும் எழுதிக்கொண்டார். மெக்கானிக் அந்தோணி, தானும் கூட வந்து பார்ப்பதாகச் சொன்னான். இவர் வேண்டாம் என்றுவிட்டார். விற்கிறவன் கண்ணைப் பார்த்தாலே சரக்கைச் சொல்லிவிடக்கூடிய ஆளுக்கு மெக்கானிக் எதற்கு?

பதினோராவது காருக்குப் போகும்போது பஞ்சாட்சரத்தின் போன் அடித்தது. "அந்த வெள்ளைதானே சார்? இன்னொரு பார்ட்டி பாத்துக்கினு இருக்காரு, சீக்கிரம் வாங்க" என்று உரக்கப் பேசினார். காசிநாதன் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்.

"எங்க கடையில இதுக்குன்னே பட்டம்மாள்னு ஒரு அம்மா இருக்குது. நீங்க ஒரு பொடவையக் கீழ வெச்சா, 'ஐயோ இதத்தானே தேடினேன்'னு அது கையில எடுத்துக்கும். காந்தி ரோட்டுல காசிநாதன்னு கேட்டுப் பாருங்க. வித்தையெல்லாம் என்கிட்ட ஆகாது."

பஞ்சாட்சரம் அசடு வழியப் போனை வைத்துவிட்டு, தொழில் ரகசியம் ஒன்று சொல்லித் தரக் கூடாதா என்று பணிவாகக் கேட்டார். பணிவாகக் கேட்டால் காசிநாதனுக்குத் தாங்காது. போன தை மாதக் கதையை எடுத்துவிட்டார்.

நாலு வருஷமாக ஷெல்ஃபில் ஒரே மடிப்பில் கிடந்த மயில்கழுத்துப் புடவை ஒன்று. முதலாளியே அதை மறந்துவிட்டார். மகள் வளைகாப்புக்கு என்று ஒரு அம்மா வந்தாள். கடைக் காபி பிடிக்காது என்று ஃபிளாஸ்கில் சொந்தக் காபி கொண்டுவந்திருந்தாள். அரக்கு நிறத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"நான் இன்னா பண்ணேன்? அரக்கு வேணாம்மான்னுட்டேன். வேர்வ பட்டா கறுக்கும், அடிக்கடி பாலிஷுக்குக் குடுக்கணும், உங்களால பராமரிக்க முடியாதுன்னேன். நம்ம சரக்க நாமளே குறை சொன்னா போதும் சார், கண்ண மூடிக்கினு நம்புவாங்க. அப்புறம் 'வாங்க வேணாம், சும்மா பாருங்க'ன்னு மயில்கழுத்த எடுத்து முந்தானைய மட்டும் விரிச்சேன். ஒரு வார்த்த பொய் சொல்லல. மடிப்பப் பிரிக்கல, அவ்ளோதான்."

"அந்த அம்மா சந்தோஷமாப் போனாங்களா?" என்று கேட்டார் பஞ்சாட்சரம்.

"என்னைக் கும்பிட்டுட்டுப் போனாங்க சார்."

பஞ்சாட்சரம் அவர் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, ஷெட்டின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போய் ஒரு உறையை இழுத்தார். உள்ளே அரக்குச் சிவப்பில், இரண்டு கதவோடு, காசிநாதன் இருபத்தாறு வருஷமாகக் கனவில் கண்ட கார் நின்றது. அவர் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உங்களுக்கு வேணாம் சார்" என்றார் பஞ்சாட்சரம்.

காசிநாதன் திகைத்துப்போய்ப் பட்டியலை எடுத்தார். டயர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சர்வீஸுக்கு லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கிளட்ச் போனால் ஆறு மாதம் வீட்டில் நிற்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பஞ்சாட்சரம் ஒளிவு மறைவு இல்லாமல், தலையில் கைவைத்துக்கொள்ளும்படியான பதிலாகச் சொன்னார். சொந்தச் சரக்கை இப்படிக் குறை சொல்லும் மனிதரைக் காசிநாதன் பார்த்ததே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தானே தன் வாயால் சொன்னது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசை கண்ணை மறைத்தால் காதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

"வாங்க வேணாம். இதச் சும்மா பாருங்க" என்று பக்கத்து உறையை விலக்கினார் பஞ்சாட்சரம்.

மயில்கழுத்து நிறம். அதே இரண்டு கதவு. இன்ஜின் குடும்பக் காரில் இருப்பதுதான், சாமான் எல்லாம் காஞ்சிபுரத்திலேயே கிடைக்கும், டயர்கூடச் சாதாரண அளவு. பட்டியலில் இருந்த எல்லாக் கேள்விக்கும் குறைந்த விலையே பதிலாக வந்தது. காசிநாதன் உள்ளே ஏறி மீட்டரைப் பார்த்தார். எட்டு வருஷ வண்டி பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இறங்கிக் கதவைச் சாத்தினார். அதே சத்தம்.

"மடிப்புக் கலையாத சரக்கு சார் இது" என்றார்.

"அத நீங்கதான் சொல்றீங்க, நான் சொல்லல" என்றார் பஞ்சாட்சரம்.

அன்று சாயங்காலம் கார் அவர் வீடு இருந்த பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தது. முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றுவிட்டது. தறியை விட்டு எழுந்து வந்த நாலு பேர் தூக்கித் தாண்டவைத்தார்கள். தூக்கினவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். தையல்நாயகி ஏறி உட்கார்ந்ததும் பைபாஸுக்கு விட்டார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் அவள் முதுகு சீட்டோடு ஒட்டியது. கல்யாணமான நாளாக அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. ராஜாவுக்கே ராஜாவாக இருந்தது அவருக்கு.

வண்டி ஓடும்போது மட்டும் கீழேயிருந்து தடக் தடக் என்று ஒரு சத்தம். புதுத் தறி போட்டிருக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டு வேல்முருகன் விசாரித்தார்.

நாலாம் நாள் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி போயிருந்தது. அந்தோணி ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். தையல்நாயகி ஒன்று என்று மட்டும் சொன்னாள்.

அந்தோணி புதுப் பேட்டரி போட்டான். புதுப் பேட்டரியின் தெம்பில் வண்டி சீறிக்கொண்டு ரங்கசாமி குளம் வரை போயிற்று. அங்கே இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் குழாய் வெடித்து, பூக்காரம்மா கூடை மேலெல்லாம் ஆவி அடித்தது. பூவுக்கு விலை கொடுத்துவிட்டு மறுபடி ஷெட். அது இரண்டு.

அந்தோணி குழாயை மடக்கிக் காட்டினான். பட்டென்று உடைந்தது.

"ரொம்ப வருஷம் ஒரே எடத்துல நின்ன வண்டிண்ணா. ரப்பரெல்லாம் மடிஞ்ச எடத்துல விட்டுப்போச்சு. டயருகூட நின்ன பக்கம் சப்பையா கெடக்குது, அதான் தடக் தடக்குன்னுது. ஓடாத வண்டிக்குத்தாண்ணா செலவு ஜாஸ்தி. புதுசு ஒன்னு போட்டா, பக்கத்துல இருக்கற பழசு தாங்காது."

இதைக் கேட்டபோது காசிநாதனுக்குள் ஏதோ நெருடியது. புடவை வாங்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் இழை விட்டுப்போகும் என்று சொல்லி அனுப்புகிறவர் அவர். ஆனால் மனைவி சிரித்த சிரிப்பு கண்முன் நின்றது. நெருடலை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரு யோசனை செய்தார். வண்டி ஷெட்டுக்குப் போகக் கூடாது என்றுதானே பேச்சு? ஷெட் வண்டியிடம் வரலாமே.

மறுநாளிலிருந்து அந்தோணி காலை ஏழு மணிக்கு ஸ்பானர் பையோடு வீட்டுக்கு வந்தான். புதுக் குழாய் வந்ததும் ரேடியேட்டர் ஒழுகியது. அதை அடைத்ததும் பெல்ட் அறுந்தது. பெல்ட்டை மாற்றினால் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தையல்நாயகி தினமும் அந்தோணிக்கு இட்லி வார்த்துப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் அவன் உரிமையோடு சட்னிக்குக் காரம் போதவில்லை என்று சொன்னபோதுதான், வீட்டுக்கு வந்தால் கணக்கில் வராது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கணவரைக் கேட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சினார் அவர்.

அந்த ஒரு தடவை முகூர்த்த நாளில் வந்தது. ஒரு கல்யாணத்துக்காகப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வண்டி காந்தி ரோட்டில், சரியாக அவருடைய கடை வாசலில், உயிரை விட்டது. பின்னால் இரண்டு டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்தன. கடைச் சிப்பந்திகள் வெளியே வந்தார்கள். முதலாளியும் வந்தார். புடவை எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தது. எல்லோருமாகச் சேர்ந்து அந்தோணி ஷெட் வரை தள்ளிப் போனார்கள். காசிநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"மூணு" என்றாள் தையல்நாயகி. கொஞ்சம் கழித்து, "அந்தப் பைபாஸ்ல போனது நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

கையடித்துக் கொடுத்தாயிற்று. வண்டியை விற்றாக வேண்டும். மறுநாள் மெத்தையில் உட்கார்ந்து யாரிடம் தள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர் முன்னால் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து வைத்தாள். காசிநாதனுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது.

அவள் பெயர் ரேணுகாம்பாள். பேரனுக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்குப் புடவை வேண்டுமாம். போன தையில் எடுத்த மயில்கழுத்து, வளைகாப்பன்று அத்தனை பேர் முன்னாலும் மடிப்பு மடிப்பாக விட்டுப்போனதைச் சாவகாசமாகச் சொன்னாள். விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது என்ற போர்டைக் கண்ணால் தேடினார் காசிநாதன். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"மாத்தியெல்லாம் தர வேணாம்ணா. மொதல்ல அழுதுக்கினுதான் இருந்தேன். இப்ப மனசு ஆறிப்போச்சு. இந்தத் தடவ முழுசாப் பிரிச்சுக் காட்டுங்க, போதும்."

எவ்வளவு தங்கமான மனசு என்று நினைத்தார் காசிநாதன். உடனே பழைய உற்சாகம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு நம்பிக்கையான மனுஷிக்குக் காரைக் காட்டினால் என்ன? நாலு அரக்குப் புடவையை முழுசாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே, சாலையில் எத்தனையோ கார் இருக்கிறது, எல்லாம் பராமரிக்க முடியாத சரக்கு என்று மெல்ல ஆரம்பித்தார். தனக்குத் தெரிந்த ஒரு வண்டி மட்டும் அப்படி இல்லை, அதிகம் ஓடாதது, வாங்க வேண்டாம், வீட்டுக்காரரைச் சும்மா வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

ரேணுகாம்பாள் டம்ளரில் காபியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெள்ளைகேட்ல எடுத்த மயில்கழுத்துதானே, ரெண்டு கதவு?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டுக்காரரு எப்படிண்ணா அதத் திருப்பி வாங்குவாரு? நீங்க எனக்குக் குடுத்த மயில்கழுத்துக்கு அவரு உங்களுக்குச் செஞ்ச எதிர்சீராச்சே அது."