ஓடைப்பட்டியின் நீராவிக் கேப்டன்

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் கண்ட மூன்றாவது பெரும் பாய்ச்சல், 2009ஆம் ஆண்டு ஓடைப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ந்தது. நான் நேரில் பார்த்தேன். அதுவும் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

கம்பம் பள்ளத்தாக்கு நவீன நாகரிக மன்றத்தின் செயலாளர் என்ற முறையில், ஸ்டீம்பங்க் என்றால் என்னவென்று விளக்குவது என் கடமை. மின்சாரமே வராமல், உலகம் இன்னும் நீராவியில் ஓடிக்கொண்டிருந்தால் மனிதன் எப்படி உடுத்துவான்? அதைக் கற்பனை செய்து, பித்தளைக் குழாயும் பல்சக்கரமும் மாட்டிக்கொண்டு நிற்பதே ஸ்டீம்பங்க். அரை நாள் கரண்ட் இல்லாத எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கலை கிடையாது.

இதை இறக்குமதி செய்தவர் முஜிபுர் ரஹ்மான். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, "சிந்திப்பதற்காக" ஊர் திரும்பியவர். ஒன்றரை வருடமாகச் சிந்தித்தார். பெரும்பாலும் தேனி பிரௌசிங் சென்டரில்.

மன்றம் நடத்தும் ஸ்டீம்பங்க் மாறுவேடப் போட்டிக்கான ஆலோசனைக் கூட்டத்தில் எங்கள் பொருளாளர் சண்முகராஜ் ஓர் ஆழமான சந்தேகத்தைக் கிளப்பினார்.

"நீராவின்னா, இட்லிக் கொப்பரையை மாட்டிக்கிறலாமா?"

"தாராளமாண்ணே" என்றார் முஜிபு. "ஆனா ஒண்ணு. காசு குடுத்து வாங்கக் கூடாது. யாருக்கும் பயன்படாமக் கெடக்கிறதைக் கண்டெடுக்கணும். இந்தக் கலைக்கு உசுரே அதுதான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்குள் வடையும் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து முஜிபு "கண்டெடுக்க" ஆரம்பித்தார். லேத் பட்டறைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில், பயன்படாமல் கிடந்த வெல்டிங் கண்ணாடியைக் கண்டெடுத்தார். அக்கா நசீமாவின் சமையலறையில் குக்கர் வெயிட்டைக் கண்டெடுத்தார். அந்த வீட்டில் அதற்கப்புறம் பருப்பு வேகவில்லை. கலைக்காக ஒரு குடும்பம் செய்த தியாகம் என்று இதை மன்றக் குறிப்பில் எழுதிவைத்தேன்.

சிகரம், கொதிகலன்தான். திராட்சைக்கு மருந்தடித்து முடித்ததும், முதுகில் மாட்டும் பித்தளை டேங்கைக் கழுவிப் பந்தல்காலின் பக்கத்தில் கல்லின் மேல் கவிழ்த்துக் காயவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் தொடமாட்டார்கள். வெயிலில் தகதகவென்று மின்னிய அப்படி ஒரு டேங்கை, குழாயும் கைப்பிடியுமாக முஜிபு கண்டெடுத்தார். போட்டியன்று விடியக்காலை பழைய மழைக்கோட்டைப் போட்டு, அதன் மேல் அதை மாட்டி, வார், பக்கிள், பொத்தான் என்று எதையும் விடாமல், கல்லாக இறுகும் எம்சீல் வைத்துப் பூசினார்.

அந்தக் கோலத்தில், ‘நீராவிக் கேப்டன்’ என்ற பெயரோடு மேடையேறினார். மார்பில் சைக்கிள் பல்சக்கரம், தோளில் குக்கர் வெயிட், முதுகில் கொதிகலன். தலைவர் பலவேசம் கண் கலங்கினார். தலைவர், பொருளாளர், நான் என்று நடுவர்கள் மூவரும் பேனாவைத் திறந்தோம்.

அப்போதுதான் திராட்சைத் தோட்டக்காரர் ஜோதிலட்சுமி உள்ளே வந்தார். கையெல்லாம் மருந்தில் கலக்கும் மயில்துத்தத்தின் நீலம். நேராக மேடைக்கு ஏறினார்.

"ஏலே முஜிபு, முதுகுல என்னடா?"

"பாய்லரு, அக்கா."

"அது என் மருந்து டேங்கு."

"பயன்படாமக் கெடந்துச்சேக்கா. கல்லு மேல, கவுந்து..."

"காயப்போட்டிருந்தேன்டா. ஒங்க வீட்டுக் கொடியில காயிற கைலிய, பயன்படாமக் கெடக்குன்னு நான் எடுத்துட்டுப் போகவா?"

கூட்டம் கைதட்டியது. நானும் வசனத்துக்கென்று தனியாக மதிப்பெண் போட்டேன். அப்புறம்தான் அது நாடகமில்லை என்று தெரிந்தது. ராத்திரி தூறல், காலையில் மூடுபனி. தோட்டம் பூத்து நிற்கிறது. அன்றைக்கு மருந்தடிக்காவிட்டால் அடிச்சாம்பல் நோய் விழுந்து ஒரு போக வெள்ளாமையும் போய்விடும். மற்ற தோட்டத்து டேங்குகளெல்லாம் அந்தந்த முதுகுகளில் ஏறிவிட்டன. கலக்கிய மருந்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஊரெல்லாம் தேடியிருக்கிறார்.

கழற்றச் சொன்னார். முஜிபு முயன்றார். எம்சீல் தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தது. வெட்டினால் ரப்பர் குழாயும் சேர்ந்து கிழியும். கழற்றும் வழிமுறைகளை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றார் சண்முகராஜ். நான் வழிமொழிந்தேன்.

ஜோதிலட்சுமி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முஜிபு பக்கம் திரும்பினார்.

"கழட்ட வேணாம். நட."

கேப்டன் முன்னே நடக்க, மன்றம் பின்னே நடந்தது. தோட்டத்தில் கொதிகலனுக்குள் நீல மருந்து ஊற்றப்பட்டது. ஒரு கையால் கைப்பிடியை அடித்து, மறு கையால் பந்தலை அண்ணாந்து பார்த்துத் தெளித்துக்கொண்டே போனார் முஜிபு. பல்சக்கரம் கடகடத்தது. குக்கர் வெயிட் ஆடியது. வெல்டிங் கண்ணாடி இருந்ததால் கண்ணில் ஒரு சொட்டு மருந்து படவில்லை. கலையின் தொலைநோக்கை நாங்கள் மூவரும் வரப்பில் உட்கார்ந்து, பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வியந்தோம்.

பொழுது சாயும்போது கடைசிப் பந்தலும் நனைந்தது. நீல நிறத்தில் திரும்பி வந்த முஜிபுவின் முன் நான் எழுந்து நின்று முடிவை அறிவித்தேன்: "யாருக்கும் பயன்படாமல் கிடந்ததைக் கண்டெடுத்து, உலகுக்குப் பயன்படச் செய்த மாபெரும் கலைஞருக்கு இந்தக் கோப்பை!"

நீட்டிய கோப்பையை ஜோதிலட்சுமி வாங்கிக்கொண்டார்.

"சரியாத்தான் சொல்றீக. ஒண்ணரை வருசமா யாருக்கும் பயன்படாமக் கெடந்ததை நான்ல கண்டெடுத்தேன்?"

முஜிபு தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் நாகரிகமாகக் கைதட்டினோம். அந்தச் சத்தத்துக்குத்தான் ஜோதிலட்சுமி எங்கள் மூவர் பக்கமும் திரும்பியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் களை வெட்ட ஆளில்லையேன்னு இருந்தேன்" என்றார். "இங்கன இன்னும் மூணு கெடக்கே."