மேனேஜர் மாட்டேன் என்ற விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று தொடங்குவது முறை. உங்கள் அத்தைக்கு மூட்டுவலி, எனக்கு உங்கள் அத்தை, மற்றபடி குறையில்லை. புது வீடு பார்த்தாகிவிட்டது, அடுத்த மாதம் வந்து மேனேஜரை அழைத்துப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நாய் உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் அது வராது. தன் வாயாலேயே, அதாவது தலையாலேயே சொல்லிவிட்டது.

நம் பெண் இருந்தவரை எதையும் மேனேஜரைக் கேட்டுத்தான் செய்வாள், உங்களுக்குத் தெரியாததல்ல. அவள் கண்ணை மூடிய பிறகு அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டாள். சில வாரங்களாக எதைக் கேட்டாலும் மேனேஜர் தலையைப் படபடவென்று ஆட்டி மறுத்தது. நான் புதுச் சட்டை வாங்கலாமா? கூடாது. ரேடியோ வைக்கலாமா? கூடாது. தீர்ப்பெல்லாம் எனக்கு எதிராக வந்தவரை அத்தைக்குச் சந்தோஷம்தான். ஒருநாள் சமையலறையில் மெதுவாக, "அவ திரும்பி வருவாளா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கும் தலையாட்டியது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "உண்மையைச் சொல்லியே தீரணும்னு உனக்கு என்னடா தலையெழுத்து?" என்று நான் நாயைத் திட்டினேன்.

பிறகு காதைச் சொறியத் தொடங்கியது. உள்ளே காப்பித்தூள் கொட்டியதுபோலக் கருப்பு அழுக்கு, கிட்டே போனால் நாற்றம், ஆட்டி ஆட்டிக் காதுமடல் ரத்தம் கட்டி வீங்கிவிட்டது. நான் கைவைத்தியமாக எண்ணெய் ஊற்றிப் பஞ்சுக் குச்சியால் குடைந்தேன், கடித்துவிட்டது. நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் விளக்கு வைத்த குழலால் பார்த்துவிட்டு, "குச்சி விட்டது யாரு?" என்றார். நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை என்னைப் பார்த்தாள். "செவிப்பறை தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம். இனிமே நீங்களா எதையும் உள்ள விடாதீங்க" என்றவர், அழுக்கை நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் ஏதோ சொந்த வீடுபோல உலாத்திக்கொண்டிருந்தன. "அப்போ இது 'மாட்டேன்'னு தலையாட்டலையா டாக்டர்?" என்றாள் அத்தை. "அரிப்புலதான்மா ஆட்டுது" என்றார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். காதைக் கழுவி, கட்டிய ரத்தத்தை எடுத்து, தோள்களுக்கு நடுவே விடும் மருந்து கொடுத்தார். நம் வீட்டுக்கு வந்துபோகும் மாடிவீட்டுப் பூனைக்கும் ஒட்டியிருக்கும், அதற்கும் விடுங்கள் என்றார். விட்டேன். என் முகத்தில் அதன் நன்றி இன்னும் ஆறவில்லை.

மறுநாள்தான் உங்கள் கடிதம் வந்தது. படித்துக்காட்டி, "மாப்பிள்ளைகூடப் போறியா?" என்று நானே கேட்டேன். பலமாகத் தலையாட்டியது. அதைப் பூச்சிக் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அதற்குப் பயணம் ஆகாது மாப்பிள்ளை. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் எங்களுக்குப் பேச ஆளில்லை. வேண்டாம், வராதீர்கள்.

புது வீட்டில் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அத்தையின் ஆசியும் சேர்த்து,

மாமா

பி.கு.: அனுப்ப மனமில்லாமல் இதை மேசையிலேயே வைத்திருந்துவிட்டேன். மேனேஜருக்குக் காது ஆறிவிட்டது. சொறிவதும் இல்லை, ஆட்டுவதும் இல்லை. இன்று காலை, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து, "மாப்பிள்ளைகூடப் போறியா?" என்று மறுபடி கேட்டாள். தலை அசையவில்லை, அதாவது மறுப்பில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு வாருங்கள். "எங்களை விட்டுட்டு உன்னால இருந்துட முடியுமா?" என்றும் கேட்கப் போனாள். நான்தான் அவள் வாயைப் பொத்திவிட்டேன்.