கோட்டுப் பையில் அம்மன் துணை

இந்த வருசம் மாரியம்மன் கரகம் தன் தலையில்தான் என்று ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுக்கத் தமுக்கடித்து விட்டான் இராசையா. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை கவுச்சி ஆகாது. தொட்டால் கரகம் மச்சினன் சின்னராசாவுக்குப் போய்விடும்.

வாயைக் கட்டிவிட்டான். மூக்கைக் கட்ட முடியவில்லை. லயத்து வீடுகளில் எந்த அடுப்பில் நெத்திலி விழுந்தாலும் அது இவன் கனவுவரைக்கும் வந்து பொரிந்தது.

"சூடம் வாங்க நானே பதுளைக்குப் போறேன்" என்று கோட்டை மாட்டினான்.

பொஞ்சாதி இராக்கம்மா சிறு துணி முடிச்சொன்றைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். "அம்மன் துணைங்க. பிரிக்கப்படாது."

பதுளையில் புஹாரி நானா கடை. சூடத்துக்குப் பக்கத்திலேயே கருவாட்டு மூட்டை.

"காப்புக் கட்டுன கை, தம்பி. வேணாம்" என்றார் நானா.

"கை தொடாது நானா. சுட்டு, வாழையிலையில சுத்திக் குடுங்க."

பொட்டலம் கோட்டுப் பைக்குள் போனது. மலையேறும்போது ஒவ்வொன்றாக வாய்க்குள் போனது. ஓடையில் குளித்தான். எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்த்தான். வெற்றிலை போட்டான்.

வாசலில் இராக்கம்மா மூக்கை உறிஞ்சினாள். "என்னமோ மணக்குதே!"

"பக்தி புள்ள! பூன்னா கமழும். புகைன்னா பரவும். பக்தி உள்ளுக்குள்ள ஊறும். எங்க தேயிலை ஸ்டோருக்குள்ள சுருட்டோட ஏன் விடுறதில்ல? பக்கத்துல எது இருந்தாலும் தேயிலை இழுத்துக்கும். ஊறுனா ஊறுனதுதான்!"

"நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்" என்றபடி அவள் கோட்டுப் பையிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

திருநீறு இல்லை. தேயிலைத் தூள்.

கொதிக்கிற தண்ணியில் கொட்டினாள். ஆவி எழும்பியது. கூரை, பாய், மூலையில் மடித்திருந்த கம்பளி, எங்கும் கருவாடு! சாமி படத்துக்குப் பின்னால்கூட இடம் விடவில்லை.

இராசையாவுக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை வருசம் தேயிலையோடு கிடந்தவன் மூளைக்கு இது எட்டவில்லையே! படத்தைப் பார்த்தான். பொஞ்சாதியைப் பார்த்தான். கை தானாகக் குவிந்தது. "தாயே!" என்றான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

"கரகம்...?"

"எந் தம்பி சின்னராசா தூக்கட்டும். நீங்க முன்னால சாம்பிராணிச் சட்டி ஏந்துங்க."

"சட்டியா?"

"ஆமாங்க. கொஞ்சம் கமழுங்க."