கார்குழலி காது தொட்ட படலம்

இருபது லிட்டர் தண்ணீர் கேனை இடத்தோளில் ஒன்றும் வலத்தோளில் ஒன்றுமாய்த் தாங்கி, நெல்லித்தோப்பின் மூன்றாம் மாடிகளை மூச்சிரைக்காமல் வென்றெடுக்கும் இரட்டைமலைத் தோளனே, கண்ணையனே, வாழி! ஒரு கோலும் அடித்தறியாத என் கால்கள் கிடக்கட்டும். உன் போரைப் பாடி முடிக்கும்வரை நாவாவது இடறாதிருக்க, சாரம் வட்டாரத்துப் புழுதி மைதானத்தைக் காக்கும் தெய்வங்கள் அனைத்தும் துணை நிற்க!

அம்மைதானத்தை ஆளும் கால்பந்துக் கழகம் மழலை மானுடத்தை இருமுறை அரிந்து வகுப்பது. முதல் அரிவாள் வயது: ஆறுக்குட்பட்டோர், எட்டுக்குட்பட்டோர். இரண்டாம் அரிவாள் திறமை: பந்தைப் பார்த்து உதைப்போர் ஏ பிரிவு, பக்கத்தில் நிற்பவன் முழங்காலைப் பார்த்து உதைப்போர் பி பிரிவு. பிஞ்சு மனங்கள் நோகக் கூடாதென்று ஏ-வுக்குச் சிங்கம் என்றும் பி-க்கு மான் என்றும் பெயர் சூட்டினார்கள். பிஞ்சுகள் நோகவில்லை. மான்களின் அப்பன்மார்தான் அன்றுமுதல் சிங்கங்களின் அப்பன்மாரோடு டீ குடிப்பதில்லை.

வயதறியப் பிறப்புச் சான்றிதழ் போதாதோ என்பீர். சென்ற கோப்பையில், தாளில் ஐந்தே வயதான எதிரணி வீரனொருவன், விழுந்து மீண்டும் முளைத்த முன்பற்கள் நான்கும் மின்னச் சிரித்தபடி ஏழு கோல் போட்டுப் போனான். அன்றே சினந்தெழுந்தார் பயிற்சியாளர் பிரான்சுவா, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து தாம் ஓய்வு பெற்றும் மீசைக்கு ஓய்வளிக்காத சொல்தா. அக்காலப் பள்ளிக்கூடங்கள் பிள்ளை சேர்க்க வைத்த தேர்வை மீட்டெடுத்து முழங்கினார்: "வலது கை தலைக்கு மேல வளைஞ்சு இடது காதைத் தொட்டா எட்டு. தொடலன்னா ஆறு. பேப்பர் பொய் சொல்லும், காது சொல்லாது. அலே, கிளம்பு!"

கண்ணையன் குலக்கொழுந்தாம் கார்குழலியோ ஆறின் வரம்பில் நின்றாள். ஆறுக்குட்பட்ட சிங்கங்களுக்கு அவளே தலைவி. பொங்கல் கோப்பை அவள் காலடியில் விழக் காத்திருந்தது. அக்கோப்பையோடு மகள் நிற்கும் படத்தைத் தன் கேன் வண்டியின் முன்கண்ணாடியில், சாலை தெரியாதபடி ஒட்டுவதொன்றே கண்ணையன் வாழ்வின் குறிக்கோள். ஆனால் அவளுடைய உயிர்த்தோழி மெரின் போன மாதம் காதைத் தொட்டு எட்டுக்குப் போய், அங்கே புதிதாய் ஏறுவோர் எவரும் மானே என்ற விதிப்படி மானாகிவிட்டாள்.

"அங்க போனா ஓரமா குந்திக்கினுதான் இருக்கணும், பாப்பா. இங்க நீதான் ராணி."

"எனுக்கு ராணி வாணாம்ப்பா. மெரின்தான் வேணும்."

மறத்தால் மடக்க முடியாததை மதியால் மடக்கத் துணிந்தான் மாவீரன். காது தொடும் தேர்வு நாளாம் ஞாயிறு விடியலில் மனைவி மாலாவை ஏவி, மகளின் உச்சந்தலையில் ஒரு கொண்டை எழுப்புவித்தான். கொண்டையா அது? கோட்டை! உள்ளே சவுரி, சுற்றிலும் ரிப்பன், மேலே மூன்று முழம் மல்லி, அசையாதிருக்க ஹேர்பின் படை. "புட்பால் ஆடறவளுக்கு எதுக்குங்க இம்மாம் பூ?" என்ற மாலாவின் அறக்குரல் மல்லிகை மணத்தில் மூழ்கி மறைந்தது.

களம் புகுந்தாள் கார்குழலி. மான் ஒன்றின் தந்தையாகிய இராமதாஸ் கைகொட்டிச் சிரித்தான்: "யோவ் கண்ணையா, புள்ளய ஆட கூட்டியாந்தியா, பொண்ணு பாக்க கூட்டியாந்தியா?"

புறப்பட்டது கை. மதில் ஏறும் தனி வீரனைப்போல் வலப்பொட்டு கடந்து, ரிப்பன் அகழி தாண்டி, மல்லிச் சரிவில் வழுக்கி, ஹேர்பின் முனைகளில் கீறுண்டு, கொண்டையின் கொடுமுடி ஏறி அப்பால் இறங்கி, ஐயகோ, காதுக்கு ஒரு விரற்கடை முன்னே விரல்கள் வெறும் காற்றைத் துழாவித் துவண்டன. கழுத்தைச் சாய்க்க முயன்றாள். சொல்தாவின் விசில் நிமிர்த்தியது. குதித்தாள், தலையும் கூடவே குதித்தது. எட்டுக்குட்பட்டோர் வரிசையிலிருந்து மெரின் தன் காதைத் தானே பிடித்திழுத்துக் காட்டினாள், தோழியின் காது அதனால் நீளுமென்று.

"முசே, எட்டல! ஆறுதான்!" என்று முரசறைந்தான் கண்ணையன்.

"கொண்டை தலையில சேத்தியாய்யா?" என்றார் சொல்தா.

"தலைமேல இருக்குறதெல்லாம் தலைதான், முசே!"

அதைக் கேட்டாள் கார்குழலி. தந்தையை ஒருமுறை பார்த்தாள். அவள் கண்ணில் திரண்டது கண்ணீரா கனலா என்று கண்ணையன் துணிவதற்குள், கொண்டையைப் பற்றி இழுத்தாள். பின்கள் சிதறின, சவுரி வீழ்ந்தது, மல்லிச்சரம் புழுதியில் புரண்டது. விரிந்த கூந்தல் தோளில் அலைய, ஏறிய கை ஒரே பாய்ச்சலில் காதைத் தொட்டது. தொட்டதோடு நில்லாமல், தொங்கட்டானோடு சேர்த்து அதை முறுக்கியும் காட்டியது.

"தொட்டாச்சு! எட்டு! மான்!" என்றது சொல்தாவின் விசிலொழிந்த வாய்.

சிங்கத்தைப் பெற்றவன் ஒரு சொல்லில் மானைப் பெற்றவனானான். இராமதாஸ் இடம் விட்டு நகர்ந்து, "வா, உக்காரு. டீ சொல்லவா?" என்றான். கீழே கிடந்த பூவைப் பொறுக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணையன் அமர்ந்தான். கடல் பிளந்து வழிவிட்டதுபோல் பிள்ளைகள் விலக, முழங்காலுக்குக் கீழே தொங்கும் எட்டுக்குட்பட்டோர் பனியனை அள்ளிப் பிடித்தபடி, ஆரவாரம் திசையெட்டும் அதிர, கார்குழலி ஓடிப்போய் மெரினின் கையைக் கோத்துக்கொண்டு போர்முனை புகுந்தாள்.

அன்று ஆட்டம் முடியும்வரை பந்து அவர்கள் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை.