முன்கூட்டி எடுத்த ஐந்து டிக்கெட்டுகள்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்று வளர்த்தது நான்கு, பெறாமல் வளர்த்தது என் கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு, ஆக மொத்தம் ஆறு. ஆறையும் குறையில்லாமல் வளர்த்தேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். (அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், கேட்க வேண்டாம்.)

படித்தது இரண்டாம் வகுப்பு. எண் நன்றாகத் தெரியும். பஸ் போர்டை வாசித்து மேலூர் வண்டி எது, திருவாதவூர் வண்டி எது என்று பிரித்துவிடுவேன். இரண்டாம் வகுப்புதான் என்பதை வெளியில் சொல்ல எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை யார் கேட்டாலும் எட்டாம் வகுப்பு என்று சொல்லிவந்தேன். கண்ணாடி எடுத்து வர மறந்துவிட்டேன் என்பது என் இன்னொரு பொய். அப்போது என்னிடம் கண்ணாடியே கிடையாது.

எங்கள் கடைக்குட்டி செல்விக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது, மற்றவர்களுக்கு எஸ்டிடி பூத்துதான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. எங்கள் ஆட்கள்தான், இரண்டு தலைமுறைக்கு முன்பு மில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முதல்முறை வந்தபோது நெற்றி நிறைய விபூதியோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார். தமிழ் வாத்தியார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த முதல் தடவை காபி மட்டும் குடித்தார்கள். சாப்பிடச் சொன்னதற்கு, "அதுக்கென்னங்க அவசரம், இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க" என்று எழுந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். காபி கணக்கில் வராது. ஆகவே இரண்டாம் முறை வருகிறோம் என்று போன் வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மட்டும் வருகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஓர் ஆசையாம், எங்கள் ஊர்ப் பழைய அரண்மனை மகாலில் ராத்திரி விளக்குப் போட்டு ராஜா கதை சொல்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டுமாம்.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பதா, போய் எடுத்துக்கொள்வதா என்று எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டையைத் தெருவே கேட்டது.

"அங்கன போயி எடுத்துக்கிருவோம். அதுக்கு எம்புட்டுப் பேரு வரப்போறான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கன்னியாகுமரியிலயும் இதத்தான் சொன்னீக."

முந்தின வருடம் கன்னியாகுமரியில், மெதுவாகப் போகலாம் என்ற இவர் பேச்சைக் கேட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனோம். பாறைக்குப் போகிற படகுக்கு வரிசை தெரு முனை வரை நின்றது. எங்கள் முறை வருவதற்குள் காற்று பலத்துவிட்டது என்று படகை நிறுத்திவிட்டார்கள். கரையில் நின்றே பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இனி டிக்கெட் முதலில், இட்லி அப்புறம்.

சனிக்கிழமையே மகாலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்குத்தானம்மா? நாளைக்கே வந்து வாங்கிக்கங்க. இதுக்கு யாரும் முந்தியே வாங்க மாட்டாக."

"யாரும் வாங்காட்டிப் போறாக. நான் வாங்குவேன். அஞ்சு குடுங்க."

"ஆறே முக்காலா, எட்டா?"

"எது முன்ன வருதோ அது."

"ஆறே முக்கால் வந்தும்மா..."

"நான் இந்த ஊர்க்காரி. எனக்குத் தெரியாதா? கிழிச்சுக் குடுங்க தம்பி."

அவர் கிழித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு மாதிரி பார்த்தார். நான் டிக்கெட்டைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. மற்றது எல்லாம் எழுத்து. எழுத்தை நான் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு, நாட்டுக்கத்திரிக்காய்ப் பொரியல், ரசம் எல்லாம் வைத்து மூடிவிட்டு, வந்தவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். வழி முழுக்க, "கூட்டம் அம்முமுங்க மதினி, நான் முந்தியே எடுத்து வச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். (சம்பந்தம் முடிவாகும் முன்பே மாப்பிள்ளையின் அம்மாவை மதினி என்று கூப்பிடுவது ஒரு தந்திரம்.)

வாசலில் கூட்டம் என்று பார்த்தால் புறாக்கள்தான். டிக்கெட்டை வாங்கிப் பார்த்த காவலாளி, "அம்மா, இது இங்கிலீஷ் காட்சி. தமிழு எட்டு மணிக்கு" என்றார்.

அந்த இடத்தில் ஒரு நல்ல பெண்பிள்ளை, அடடா தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். நான் சொன்னது இது: "தெரிஞ்சுதான் எடுத்தேன். இங்கிலீசுலதான் விளக்கமாச் சொல்லுவாக."

மதினியின் கண் விரிந்தது. "உங்களுக்கு இங்கிலீசு வருமுங்களா?"

"கேட்டாப் புரியும் மதினி. பேசத்தான் வராது."

என் வீட்டுக்காரர் ஒரு தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் நாற்காலி வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தது. ஏழெட்டு வெள்ளைக்காரர்களும் நாங்களும்தான். விளக்கு அணைந்தது. ஓர் ஆம்பளைக் குரல் இடி மாதிரி இங்கிலீஷில் ஆரம்பித்தது. மதினி என் பக்கம் சாய்ந்தார்.

"என்னங்க சொல்றாங்க?"

"நமக்கெல்லாம் வணக்கம் சொல்றாக."

அதுவரை சரி. அப்புறம் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. ராஜா வேட்டைக்குப் போகிறார் என்றேன். ஒரு பொம்பளைக் குரல் இழுத்து இழுத்துக் கேட்டது. ராணி அழுகிறாள், ராஜா சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார் என்றேன். மதினி "உச்" கொட்டினார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. திடீரென்று தூண் எல்லாம் சிவப்பாக எரிந்தது.

"ஐயோ, என்னங்க ஆச்சு?"

"அரமனைச் சமையக்கட்டு தீப்பிடிச்சிருச்சு மதினி."

"யாருங்க வெச்சாங்க?"

"மூத்த மருமக."

வாய் சொல்லி முடிப்பதற்குள் செல்வி என் தொடையில் கிள்ளினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு மூத்த மருமகளாகப் போகப் போகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருமகள் தீ வைத்தாள் என்று மாமியாரிடமே சொல்லியிருக்கிறேன். அவசரமாகத் திருத்தினேன்.

"இல்ல இல்ல, மருமக இல்லையாம். மாமியாதான் வச்சுச்சாம்."

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மறுபடி திருத்தினேன்.

"ரெண்டு பேருமே இல்லையாம் மதினி. சமையக்காரனாம். இப்பத்தான் சொல்றாக."

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் சாகவிடவில்லை, யாரையும் சண்டை போடவிடவில்லை. மாமியாரும் மருமகளும் கோயிலுக்குப் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். அப்படியே ஒரு மணி நேரத்தை ஓட்டினேன். வேர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது.

விளக்குப் போட்டதும் ஒரு வெள்ளைக்கார அம்மா நேராக என்னிடம் வந்தார். நான் கதை சொன்னதைப் பார்த்து, என்னை ஊர் சுற்றிக் காட்டுகிறவள் என்று நினைத்துவிட்டார் போல. தூணைக் காட்டி ஏதோ கேட்டார். நான் "எஸ்" என்றேன். அவர் காத்திருந்தார். நான் மறுபடியும் "எஸ்" என்றேன்.

அப்போது அதுவரை வாயே திறக்காத வாத்தியார் எழுந்து வந்தார். தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இங்கிலீஷில் பேசினார். அந்த அம்மா சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் மெல்ல அவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நீங்க என்ன பாடம் எடுக்கிறீக?"

"ஒம்பதாவது பத்தாவதுக்கு இங்கிலீசுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூடி வைத்துவிட்டு வந்த கோழிக் குழம்பு என் கண் முன்னால் வந்து போனது. இனி அதை நாங்கள் மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இழக்க வேறு ஒன்றும் இல்லை என்றானதும் வாய் தானாகத் திறந்தது.

"மதினி, நான் ரெண்டாப்பு. எட்டாப்புன்னு சொன்னது பொய்யி. டிக்கெட்டுல நம்பரை மட்டுந்தான் வாசிச்சேன். அம்புட்டுக் கதையும் நானாச் சொன்னது. எம்மக அப்படி இல்ல, அவ பொய் சொல்ல மாட்டா. என்னய வச்சு அவள எடை போட்டுறாதீக."

மதினி தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ராஜா வேட்டைக்குப் போனப்பவே தெரியும்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"நல்லாருந்துச்சு. கேட்டுட்டு இருந்தேன்."

மதினி என் பக்கம் திரும்பினார். "நான் அஞ்சாவதுங்க. இவர்கூட இருபத்தெட்டு வருசம். ஒரு நாள் இங்கிலீசுல ஒரு வரிய எடுத்து இதுக்கு இதுதான்னு சொன்னதில்ல. நீங்க ஒரு மணி நேரம் சொன்னீங்க. பொய்யோ மெய்யோ, சொன்னீங்கல்ல."

எட்டு மணிக் காட்சியையும் பார்த்துவிடலாம் என்றார் வாத்தியார். கவுண்டரில் ஓர் ஆள்கூட இல்லை. போனதும் கிடைத்தது. டிக்கெட்டை வாங்கிய என் வீட்டுக்காரர் என் முகத்துக்கு நேராக அதை விசிறி மாதிரி வீசிக்கொண்டே வந்தார்.

தமிழில் கேட்டால், குளம்புச் சத்தம் ஊர்வலமாம். அழுகை என்றது பாட்டாம். தீப்பிடித்தது சூரியன் உதிப்பதாம். பாதியிலேயே மதினி என் காதில், "உங்க கதைதானுங்க நல்லாருந்துச்சு. அந்த மாமியா மருமக கடைசில என்ன ஆனாங்க?" என்றார்.

"ஒரே வீட்டுல ஒத்துமையா இருந்தாக மதினி."

"அப்பச் சரி. பசிக்குதுங்க. உங்க வீட்ல என்ன இருக்குது?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் அதற்குள் எழுந்து ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

இது நடந்த பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ரயிலோ படகோ கண்காட்சியோ, டிக்கெட்டை முன்கூட்டி எடுக்கிறவர் அதை வீட்டில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். இப்போது எல்லாம் போனிலேயே எடுக்கிறார்கள், ஆனாலும் வாசிக்க வேண்டும். "அம்மாச்சி, ஆறே முக்காலா எட்டா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது என் வாத்தியார் சம்பந்தி இன்றைக்கும் தரையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது செல்வியின் மகள் யாழினி. பேச்சை நல்ல தமிழாக்கி எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுதிட்டியா ஆத்தா? இப்ப வாசி, கேக்குறேன். எழுதுனத மட்டும் வாசி. நீயா ஒண்ணும் சேக்காத.