தலை தெற்கு, கால் வடக்கு

நான்கு எல்லை சொல்லாமல் சாயா கூடக் குடிக்காத மனிதர் கோட்டாற்றில் ஒருவர்தான் இருந்தார். நிலப்பத்திரம் எழுதுபவர். நாலெல்லை அண்ணாச்சி என்போம். பந்தியில், "அப்பளத்துக்குக் கிழக்க, அவியலுக்கு மேற்க பருப்பை ஊத்தும்" என்பார். பல் டாக்டரிடமும் திசை சொல்லி, நல்ல பல்லைப் பறிகொடுத்தவர்.

2012இல் அவருடைய தமையன் குழாய்களோடு இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். நாள்களை எண்ணியவன் அண்ணாச்சியின் சினேகிதனான நான். மறுவாரமே அண்ணாச்சி முத்திரைத்தாளில் தன் உடம்புக்கு ஒரு பத்திரம் எழுதி, என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பதினொரு பக்கம். பிழைக்க வழியில்லாமல் நினைவு தப்பிக் கிடந்தால் தனக்கு என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்ற விவரம்.

"வடக்கே தலை, தெற்கே கால். கழுத்துக்கு வடக்கே குழாய் ஏறப்படாது. வலிக்கு ஊசி மட்டும் எந்த எல்லையிலும் போடலாம்."

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "வடக்க தலை வச்சு யாராவது படுப்பாவளா? எழுதும்போதே கொன்னுட்டியளா?"

தலையைத் தெற்குக்கு மாற்றி, 'கழுத்துக்குத் தெற்கே குழாய் ஏறப்படாது' என்று திருத்தினார். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் சிரித்தாள். "அப்பா, ஆஸ்பத்திரியில கட்டிலத் திருப்பிப் போட்டா? குழாய் தொண்டைக்குள்ள போவும், தடை காலுக்குல்லா கிடக்கும்!"

'கட்டில் எப்படிக் கிடந்தாலும் தலை தெற்கு எனக் கருதப்படும்' என்று பன்னிரண்டாம் பக்கம் சேர்ந்தது.

"எனக்குப் பேச்சு போனா, டாக்டருக்கிட்ட நீருதான் சொல்லணும் சாரே."

"மக இருக்காளே?"

"பெத்த பிள்ளைய 'விட்டுருங்க'ன்னு சொல்ல வைக்கப்படாதுவே. அவ அத ஆயுசு முழுக்கச் சுமப்பா."

"அப்ப நான் சுமக்கலாமாக்கும்?"

"உமக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை. ஆயிரத்தொண்ணா இருந்துட்டுப் போட்டும்."

கையெழுத்துப் போட நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஐந்து தடவை ரத்த அழுத்தம் பார்த்தேன்.

மூன்று வருடம் கழித்து அண்ணாச்சிக்கு மூளையில் ரத்தக் கசிவு. டாக்டர் பத்திரத்தைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "இதுல தெற்கு எது?" என்றார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

"இனி நினைவு திரும்பாது. மூச்சுக்குக் குழாய் போடவா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் டாக்டர். வலியில்லாமப் பாத்துக்கிடுங்க" என்றேன்.

சாதாரண அறைக்கு மாற்றினார்கள். அவர் நெற்றியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. கையிலிருந்த பத்திரத்தால் விசிறினேன். ஈ பறந்துவிட்டது. சாயங்காலம் வரை விசிறிக்கொண்டே இருந்தேன்.